பதினொரு குழாய்கள்

உடலியல் பேராசிரியர் ஓர் உள்தேர்வு விடைத்தாளைச் சுருட்டிப் பிடித்தபடி கல்லூரியின் துணைப்பிரிவு அறைக்குள் வந்தார். நூலகப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அந்த அறையில் சூட்டு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் போகும் தாளில் கறுப்பாக இருப்பது மட்டும் சூடுபட்டுப் புடைத்தெழும். அப்படிப் புடைத்த படங்களைத்தான் பார்வையில்லாத மாணவர்கள் விரலால் தடவிப் படிப்பார்கள். படங்களைத் தயார் செய்பவர் அந்த அறையின் வரைவாளர். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி. மாணவர்கள் 'கோடு அக்கா' என்பார்கள்.

"உங்க படத்தைத் தொட்டுப் படிக்கிற பொண்ணு எழுதினது. ஒரு வரி படிக்கிறேன், கேளுங்க," என்றார் பேராசிரியர். "'சிறுநீரகத்தோடு பதினொரு குழாய்கள் சேர்கின்றன.' பதினொண்ணாம்! மூணுங்க. ரத்தம் வர ஒண்ணு, போக ஒண்ணு, சிறுநீர் இறங்க ஒண்ணு. இவ என்ன, மொட்டை மாடித் தண்ணித் தொட்டின்னு நெனச்சுட்டாளா?"

துணைப்பிரிவின் மேலாளர் சிரித்தார். எத்தனை படம் முடிந்தது என்று நாள்தோறும் சுவர்ப்பலகையில் எழுதிவைப்பவர் அவர். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பலகை சார்' என்று பெயர். வரைவாளரும் ஒப்புக்குச் சிரித்துவைத்தார்.

"நான் இதைச் சிரிக்கிறதுக்குச் சொல்லல," என்றார் பேராசிரியர். "பருவத் தேர்வு முடிஞ்சதும் துறைக் குழு கூடுது. இந்தப் பொண்ணு இதே பாடத்துல தொடரலாமா, படமில்லாத பாடம் எதுக்காவது மாத்திடலாமான்னு முடிவு பண்ணப் போறாங்க. எனக்கு அவளைத் துரத்தணும்னு இல்ல. ஆனா இது பாத்துப் படிக்கிற பாடம். இப்படி எழுதினா நான் அங்க என்னத்தைப் பேசுறது?"

அவர் போன பிறகு வரைவாளர் அலமாரியைத் திறந்து, தாம் செய்த சிறுநீரகப் படத்தின் படியை எடுத்தார். கோடுகளை எண்ணினார். பதினொன்று இருந்தன.

மூன்று குழாய்கள். மற்ற எட்டும் பெயர்க்கோடுகள், அதாவது புத்தகப் படத்தில் உறுப்பின் ஒரு பகுதியிலிருந்து வெளியே ஓடி அதன் பெயரில் போய் நிற்கும் கோடுகள். அச்செழுத்து புடைத்தால் விரலுக்கு வெறும் சொரசொரப்பு என்பதால் பெயர்களை அழித்துவிட்டுப் பிரெயில் எழுத்தை அந்தந்தப் பகுதியின் மேலேயே வைத்திருந்தார். பெயர்களை அழித்த கை கோடுகளை அழிக்கவில்லை. எட்டும் சிறுநீரகத்திலிருந்து புறப்பட்டு, எங்கும் சேராமல், வெற்றிடத்தில் முடிந்தன.

ஒரு முறையாவது கவனித்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். பெயர்க்கோட்டை யாரும் பார்ப்பதில்லை. அதன் வழியாகப் பெயரைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். பழகிய கண் எதையெல்லாம் தள்ளிவிடுகிறது என்பது அந்தக் கண்ணுக்கே தெரியாது. விரல் எதையும் தள்ளிவிடுவதில்லை. புடைத்திருந்தால் அது இருக்கிறது.

இந்தக் காரணமெல்லாம் அவருக்கு அன்று தோன்றவில்லை. கோடுகளை இன்னொரு முறை எண்ணினார், அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான படங்களைச் செய்து கொடுத்திருந்தார். நாளுக்கு எட்டு. பலகையில் எட்டு விழாத நாளே இல்லை என்று பெயர் வாங்கியவர். சுத்தமான கை. அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் ஒரு கட்டட வரைபட நிறுவனத்தில் வேலை. அங்கே அவர் போட்ட படிக்கட்டில் ஒரு கோடு தவறாக விழுந்ததில்லை. அந்த வேலையைக் கணினி தின்றபோது, கை சும்மா இருக்கக் கூடாதென்று இங்கே வந்தார். இப்போது அந்தச் சுத்தமான கை ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் என்ற பெயரில் ஒரு பொய்யைக் கொடுத்திருக்கிறது. அந்த ஒன்று மட்டும்தானா? இதயத்தில் எத்தனை? மூளையில்?

உடனே பேராசிரியரின் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மாலையிலும் சொல்லவில்லை. வீட்டில் தங்கை தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். அக்காள் தங்கை இருவர்தான் அந்த வீட்டில். தங்கைக்கு அக்காவின் முகம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

"என்ன, மூஞ்சி தொங்குது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் சாப்பாட்டுத் தட்டுல கோடு போட்டுட்டிருக்க?"

சொன்னார். தங்கை காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

"அப்ப அந்தப் பொண்ணு தலையில உன் தப்பைக் கட்டி அனுப்பிட்ட. நாளைக்கே போய்ச் சொல்லிடு. பிசிறு வந்த துணியை மடிச்சு உள்ள வெச்சாலும் போட்டுக்கிறவளுக்கு உறுத்தத்தானே செய்யும்."

மறுநாள் காலை முதலில் அந்த மாணவியிடம் சொன்னார். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு வகுப்பில் 'ரேடியோ' என்று பெயர்.

"எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சுக்கா," என்றாள். "சார் வகுப்புல மூணுன்னு சொன்ன மாதிரி ஒரு ஞாபகம். ஆனா கையில பதினொண்ணு இருக்கே. சரி, நம்ம காதுதான் தப்பாக் கேட்டிருக்கும்னு விட்டுட்டேன். எழுதிக் கொடுக்க வந்தவர்கூட 'பதினொண்ணா?'ன்னு ரெண்டு தடவை கேட்டார். 'நீங்க பாத்தீங்களா, நான் தொட்டுப் பாத்தேன்'னு அதட்டிட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் வரைவாளரைக் குத்தியது. அவளுடைய காது சரியாகத்தான் கேட்டிருந்தது. அதை நம்பாமல் இவருடைய கையை நம்பியிருக்கிறாள்.

"பழைய படம் எல்லாத்தையும் திருப்பிச் செய்றேன்மா. அது வரைக்கும் வெளியே நீட்டிட்டிருக்கிற எந்தக் கோட்டையும் நம்பாதே."

"நீட்டினா பொய். சரிக்கா, ஞாபகம் இருக்கும்."

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்தேர்வு மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது, குழுவில் எடுத்துச் சொல்கிறேன், ஆனால் பருவத் தேர்வில் அவள் சரியாக எழுதினால்தான் அந்தப் பேச்சு எடுபடும் என்றார். தேர்வுக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது. அந்தப் பாடத்தில் படங்கள் நாற்பத்தொன்று.

நாளுக்கு இரண்டு என்று வகுத்துப் பார்த்தால் முடிந்துவிடும் கணக்குதான். முதல் படமாக இதயத்தை எடுத்தார். பெயர்க்கோடுகளை நீக்கினார். சூட்டில் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பழைய வழக்கப்படி அத்தோடு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார். இப்போது விரல் நின்ற இடத்திலெல்லாம் மனம் நின்றது. இந்த இரட்டைக் கோடு சுவரா, குழாயா? இந்தக் கறுப்புத் திட்டு நிழலா, தசையா? அச்சுப்படம் செய்தவர் அழகுக்காகப் போட்ட நிழல் விரலுக்கு மேடாக இருந்தது. அழித்தார். திரும்பச் செய்தார். இடது பக்கம் எது, பார்ப்பவரின் இடதா, உடம்பின் இடதா? அன்று மாலை ஐந்து தாள் குப்பைக்கூடையில் கிடந்தன. பலகையில் சைபர் விழுந்தது.

இரண்டாம் நாளும் சைபர்.

"உடம்பு சரியில்லையா?" என்றார் பலகை சார்.

"நல்லாத்தான் இருக்கேன் சார்."

"அப்ப பலகைக்குத்தான் உடம்பு சரியில்ல போல."

மூன்றாம் நாள் வரைவாளர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனார். "சார், இந்தப் படத்துல அவளுக்கு என்ன தெரியணும்?"

"இதென்னங்க கேள்வி? படம் தெரியணும்."

"படத்துல என்னன்னு சொல்லுங்க சார். நான் எழுதிக்கிறேன்."

அவர் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். "ரத்தம் இங்க வருது. இங்கேருந்து இப்படி இறங்கி, இங்க இருக்கிற கதவு வழியா இங்க போகுது..." வரைவாளர் ஒரு சொல் விடாமல் எழுதினார். முடிந்ததும் அவர் சொன்னதை அவருக்கே படித்துக் காட்டினார். படிக்கும்போது புத்தகத்தை மூடி வைத்திருந்தார்.

"பத்தொன்பது 'இங்க' இருக்கு சார். ஆறு 'இப்படி'."

பேராசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் சற்றுச் சிவந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த இதயத்தைப் பாடம் நடத்துகிறவர். கரும்பலகையின் முன் நின்று அவர் 'இங்க' என்ற ஒவ்வொரு முறையும் கடைசி வரிசையில் ஒருத்தி எங்கே என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அதை அவர் அப்போது நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. நல்ல ஆசிரியர் என்று அவரைச் சொல்லத் தயங்குகிறேன். ஆனால் அந்தத் தாளை அவர் கசக்கிப் போடவில்லை.

"திரும்பச் சொல்றேன்," என்றார். 'இங்க' இல்லாமல் சொல்ல அரை மணி நேரம் ஆனது. பாதியில் ஒரு முறை நிறுத்தி, "இந்தப் படத்துல ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பியிருக்காங்க. இதை ரெண்டு படமாப் போடணும்," என்றார், புத்தகத்தின் மேல் கோபத்தோடு.

இதயம் இரண்டு படமானது. ஒன்றில் அறைகளும் கதவுகளும் மட்டும். இன்னொன்றில் ரத்தம் போகும் வழி. வழிக்குக் கோடு போதவில்லை, சுவர்க்கோட்டோடு குழம்பியது. துணியில் அடையாளம் போடத் தங்கை வைத்திருந்த சிறிய பல்சக்கரத்தை எடுத்துப்போய்த் தாளின் பின்பக்கம் ஓட்டினார். முன்பக்கம் புள்ளி புள்ளியாக ஒரு பாதை எழுந்தது. சுவருக்குக் கோடு, பாதைக்குப் புள்ளி என்று வைத்துக்கொண்டார்.

"என் சக்கரத்தை எடுத்துட்டுப் போனியா?" என்று அன்று வீட்டில் சண்டை. "ஒரு ரவிக்கை பாதியில நிக்குது."

"நாளைக்குத் தந்துடறேன்டி."

"உன் நாளைக்கும் உன் பலகை சைபரும் ஒண்ணு."

மறுநாள் தங்கை புதிதாக ஒரு சக்கரம் வாங்கிக் கொடுத்தாள். கூடவே இன்னும் பத்து நாளைக்கு ஆகிற வசவையும் கொடுத்தாள்.

ஒரு படத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. பேராசிரியரைக் கேட்பது, எழுதுவது, எதை விடலாம் என்று முடிவு செய்வது, செய்வது, தடவுவது, கிழிப்பது. எதைச் சேர்ப்பது என்பதில் அவருக்குச் சிரமமில்லை. ஒவ்வொன்றாக விடும்போதுதான் பயம் வந்தது. விட்ட ஒன்றுதான் கேள்வியாக வந்துவிட்டால்? வேகமாகச் செய்தபோது எல்லாவற்றையும் போட்டார், எதற்கும் பொறுப்பில்லை. மெதுவாகச் செய்யும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியிருந்தது. தூக்கத்தில் விரல்கள் அசைவதாகத் தங்கை சொன்னாள்.

"எட்டு எங்க, அரை எங்க!" பலகை சார் ஒரு நாள் உடைந்தே போனார். "மேல என்னைக் கேக்கிறாங்கம்மா. நான் என்ன பதில் சொல்ல?"

"அந்த எட்டுல எத்தனை படம் யாருக்குப் புரிஞ்சுதுன்னு நமக்குத் தெரியுமா சார்?"

"அதுக்குப் பலகையில கட்டம் இல்லியே," என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அது தெரியவில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தபோது ஒன்பது படங்கள் முடிந்திருந்தன. சிறுநீரகம், இதயம், நுரையீரல், கண் என்று ஒன்பது. பட்டியலில் பத்தாவது காது. அன்று காலை பத்து மணிக்குத் தேர்வுப் பிரிவிலிருந்து முத்திரையிட்ட உறை வந்தது. வினாத்தாளில் உள்ள படத்தைப் புடைத்துத் தர வேண்டும். உறையைப் பிரிப்பவர் உள்ளே இருப்பதை யாரிடமும் சொல்வதில்லை என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார். பிரித்தார்.

காது. 'அ முதல் ஊ வரை குறிக்கப்பட்ட ஆறு பகுதிகளின் பெயர்களை எழுதி, ஒலி செல்லும் வழியை விளக்குக.' உட்செவியிலிருந்து மூன்று அரைவட்டக் குழல்கள், வளையம் வளையமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குத்தான் 'உ' என்று குறி.

வரைவாளர் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். நீட்டினால் பொய் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

அதற்குள் வாசலில் கோலின் தட்டு கேட்டது. ரேடியோ.

"அக்கா, காது இன்னும் வரலியா?"

வரைவாளர் வினாத்தாளின் மேல் கையை வைத்து மூடினார். பார்க்க முடியாதவளிடமிருந்து எதை மறைக்கிறோம் என்று அவருக்கே தோன்றியது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"இல்லம்மா. முடியல."

"பரவாயில்ல, பழசையே படிச்சுட்டேன். நீங்க சொன்ன மாதிரி நீட்டிட்டிருந்ததை எல்லாம் விட்டுட்டேன். எழுதின பாடத்துல மூணு குழல்னு ஒண்ணு வருது, அது எங்க இருக்குன்னுதான் பிடிபடல. உள்ள எங்கயாவது இருக்கும், இல்ல?"

'ஆமாம்' என்றால் பொய். 'இல்லை' என்றால் வினாத்தாளைச் சொன்னதாகும். பேசாமல் இருந்தால் அந்தப் பெண் நாளை மறுநாள் மூன்று குழல்களையும் விரலால் தொட்டு, வேண்டுமென்றே தள்ளிவிட்டுப் போவாள்.

"ஏன்க்கா பேச மாட்டேங்கிறீங்க?"

"உனக்கு நான் சொன்னது தப்பும்மா," என்றார் வரைவாளர். தம் குரல் எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுக்கொண்டே பேசினார். "நீட்டினா பொய்னு இல்ல. பொய்க் கோடு போய் எங்கயும் சேராது, அந்தரத்துல நிக்கும். உறுப்புன்னா வந்து எதோடயாவது சேரும். கோடு எங்க முடியுதுன்னு பாரு. எந்தப் படமா இருந்தாலும் சரி, நாற்பத்தொண்ணுக்கும் இதுதான்."

"அப்ப நாற்பத்தொண்ணையும் திரும்பத் தடவணுமா? ரெண்டு நாள்ல? நல்லா இருக்கே கதை!" என்று திட்டிக்கொண்டே அவள் போனாள்.

சொன்னது திருத்தமா, கசிவா? எல்லாப் படத்துக்கும் பொருந்துகிற ஒன்றைத்தான் சொன்னார். ஆனால் காதை மனத்தில் வைத்துக்கொண்டல்லவா சொன்னார். ஒரு செயல் நேர்மையானதா என்பது சொல்லிலா இருக்கிறது, சொன்னவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதிலா? இதற்கு எளிய விடை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவரும் நினைக்கவில்லை. நேரே, அந்த வினாத்தாளைத் தயாரித்த பேராசிரியரிடமே போய் நடந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னார். "வினாவை மாத்தணும்னா மாத்திடுங்க சார். நான் புதுசாச் செஞ்சு தர்றேன்."

பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "எல்லாப் படத்துக்கும்னுதானே சொன்னீங்க?"

"ஆமா சார்."

"இது ரெண்டு வருஷம் முன்னாடியே நீங்க சொல்லியிருக்க வேண்டியது. நானும் கேட்டிருக்க வேண்டியது. கேள்வி அப்படியே இருக்கட்டும். போய்ப் படத்தை முடிங்க."

அந்த ஒரு படத்துக்கு அன்று முழுவதும், மறுநாள் மதியம் வரையும் ஆனது. பெயர்க்கோடு ஒன்றுகூட இல்லை. ஆறு எழுத்தும் பிரெயிலில் அந்தந்தப் பகுதியின் மேலேயே உட்கார்ந்தன. குழல்கள் ஒவ்வொன்றும் புறப்பட்ட இடத்தருகே திரும்பி வந்து சேர்வது விரலுக்குத் தெரிய வேண்டும் என்று சேரும் இடத்தை நான்கு முறை மாற்றினார். கண்ணை மூடித் தடவினார். மூன்றா? மூன்று. மறுபடியும் தடவினார். உறையில் போட்டு ஒட்டிய பிறகு பிரிக்க முடியாது என்பதால் ஒட்டாமல் வெகுநேரம் வைத்திருந்தார். தேர்வுப் பிரிவிலிருந்து ஆள் வந்து நின்றபின்தான் கொடுத்தார்.

தேர்வு நாளன்று அவர் எதையும் செய்யவில்லை. பலகையில் சைபர்.

பத்து நாள் கழித்துக் குழு கூடியது. பேராசிரியர் அதற்கு விடைத்தாளை எடுத்துக்கொண்டு போனார். கூட்டம் முடிந்து துணைப்பிரிவு வாசலில் அவர் வந்து நின்றபோது வரைவாளர் கையிலிருந்த பல்சக்கரத்தைக் கீழே வைத்தார்.

"அடுத்த பருவம் தொடரலாம்னு சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் திரும்பப் பார்ப்பாங்களாம்." பாராட்டாக ஏதும் சொல்லவில்லை. போகும்போது, "அடுத்த பருவப் பாடத்துக்கு எப்ப உட்காரலாம்? 'இங்க' இல்லாமச் சொல்லிப் பழகணும்," என்றார்.

சற்று நேரத்தில் கோலின் தட்டு கேட்டது.

"பத்துக்கு எட்டு! மூணு குழலும் சரி. திரும்பி வந்து சேருதா, சேருதான்னு தடவித் தடவி விரலே தேஞ்சுபோச்சு."

"ரெண்டு மார்க் எதுல போச்சு?" என்றார் வரைவாளர் உடனே.

"நடுக்காது எலும்பு மூணு. சுத்தி, பட்டடை, அங்கவடி. நான் அங்கவடியை முதல்ல சொல்லிட்டேன், ஒலி அது வழியாத்தான் நுழையுதுன்னு." சொல்லும்போது அவள் குரலில் வருத்தமே இல்லை. "வகுப்புல சார் வரிசையாச் சொன்னப்போ பக்கத்துல பேசிட்டிருந்தேன்க்கா. இது முழுக்க முழுக்க என் தப்பு. இதுல உங்களுக்குப் பங்கு கிடையாது, கேக்காதீங்க."

அவள் போன பிறகு வரைவாளர் அலமாரியிலிருந்து காதுப் படத்தின் படியை எடுத்தார். கண்ணை மூடினார். செவிப்பறையில் விரலை வைத்து உள்ளே நகர்த்தினார். சுத்தி இருந்தது. அதை ஒட்டிப் பட்டடை. அப்புறம் அங்கவடி. இடையில் தடுக்கியது எதுவும் இல்லை. இன்னொரு முறை, இம்முறை உள்ளிருந்து வெளியே. வரிசை சரியாகத்தான் இருந்தது.

அந்தத் தவறு அவளுடையதுதான். படத்தைக் கீழே வைத்துவிட்டு, பழைய கட்டிலிருந்து அடுத்ததை எடுத்தார்.